எட்டு ரியூப்பிலும் நெல்: கண்டல் இலையில் டி.என்.ஏ. எடுக்கப்போய் இழந்த எட்டு மாதங்கள்

2022 ஆவணியில் ஒரு நாள் காலை கொழும்பிலிருந்து வந்த மின்னஞ்சலைத் திறந்தேன். நான்கு வகைக் கண்டல் மரங்களிலிருந்து எடுத்த எட்டு மாதிரிகளுக்கும் டி.என்.ஏ. வரிசை வந்திருந்தது. முதலாவதை, எந்த உயிரினத்தின் வரிசை என்று ஒப்பிட்டுக் காட்டும் என்.சி.பி.ஐ. இணையத் தரவகத்தின் பிளாஸ்ட் தேடலில் போட்டேன். நெல் என்று வந்தது. இரண்டாவதும் நெல். எட்டும் நெல். இறக்கக்கண்டிக் களப்பில் முழங்கால் சேற்றில் நின்று ஒடித்த இலைகள் அவை. நெல் வயல் பக்கம் நான் போகவேயில்லை. அன்றைக்கு இரவு சாப்பிடவில்லை, யாரோடும் பேசவுமில்லை. மூலக்கூற்று உயிரியல் எனக்கு வராத பாடம் என்றே முடிவுகட்டிவிட்டேன். பிறகு கணக்குப் பார்த்தேன். வேலை செய்யாத பிறைமர் (பெருக்க வேண்டிய டி.என்.ஏ. துண்டின் முனையில் ஒட்டும் குறுகிய இழை) சோடிக்கு 6,800 ரூபாய், கெட்டுப்போன பி.சி.ஆர். (டி.என்.ஏ. துண்டைப் பல கோடிப் பிரதிகளாகப் பெருக்கும் முறை) கலவைக்கு 16,500, நெல்லை எட்டுத்தரம் வாசித்ததற்கு 33,600, கொழும்புக்கு மூன்று தரம் போய்வந்ததற்கு 13,500. மொத்தம் 70,400 ரூபாய். அம்மாவின் காப்பு அடைவில் இருந்தது. தையில் தொடங்கிய வேலை அது, முறையாகச் செய்திருந்தால் பத்து வாரத்தில் முடிந்திருக்கும். திருகோணமலையில் இருந்துகொண்டு இதே மாதிரி இறுதியாண்டு ஆய்வு தொடங்கும் பிள்ளைகளுக்கு யாராவது முன்கூட்டியே சொல்ல வேண்டும் என்பதற்காக, எது எங்கே பிழைத்தது, ஏன் பிழைத்தது என்று வரிசையாக எழுதுகிறேன்.

இலையிலிருந்தே தொடங்குகிறேன். கண்டல் இலை பார்க்கத் தடிப்பாக, பளபளப்பாக இருக்கும். உள்ளே தனின், பல்சக்கரைட்டு, உப்பு மூன்றும் நிறைய. உயர்தரத்தில் வெங்காயத்திலும் வாழைப்பழத்திலும் டி.என்.ஏ. எடுத்துப் பார்த்தவர்களுக்கு இது வேறு உலகம். முற்றிய இலையை எடுத்தது என் முதற்பிழை. கிளை நுனியில் அப்போதுதான் விரிந்த இளம் இலையில் தனின் குறைவு, ஒரே எடையில் கலங்கள் கூட. இலையை ஒடிப்பதற்கு முன்பே வனத் திணைக்களத்திடம் எழுத்தில் அனுமதி கேளுங்கள். மாதிரியையோ டி.என்.ஏ.யையோ வெளிநாட்டுக்கு அனுப்ப வேண்டி வந்தால் அதற்கு வேறு அனுமதி வேண்டும், அதுவும் நாள் எடுக்கும். ஒடித்த இலையைத் துடைத்து, கடதாசி உறையில் போட்டு, இலையின் எடையைப் போலப் பத்து மடங்கு சிலிக்கா ஜெல் மணிகளுக்குள் புதைக்க வேண்டும். ஒரு நாளில் இலை நொறுங்கும் அளவுக்குக் காயாவிட்டால் மணி போதாது என்று அர்த்தம். எங்கள் கடற்கரைக் காற்றில் திறந்து வைத்த சிலிக்கா ஒரு பகலிலேயே ஈரத்தை உறிஞ்சி நிறம் மாறிவிடும். நிறம் மாறியதை 110 பாகையில் இரண்டு மூன்று மணிநேரம் சூடாக்கினால் திரும்பவும் பாவிக்கலாம். நான் நிறத்தைப் பார்க்காமல் போட்டதால் முதல் தொகுதி இலை கறுத்துப் போனது. கறுத்த இலையில் டி.என்.ஏ. ஏற்கனவே துண்டு துண்டாகியிருக்கும், அதை அரைத்து நேரத்தை வீணாக்காதீர்கள்.

பிரித்தெடுப்பதற்குக் கிற் வாங்கக் காசில்லாத இடங்களில் எல்லாரும் செய்வது சி.ரி.ஏ.பி. என்ற சவர்க்காரப் பொருளால் கலத்தை உடைத்து டி.என்.ஏ. எடுக்கும் முறைதான். அது நல்ல முறை, ஆனால் ஒவ்வொரு பொருளும் எதற்கு என்று தெரிந்து செய்ய வேண்டும். 100 மில்லிலீற்றர் கரைசலுக்கு 2 கிராம் சி.ரி.ஏ.பி., 2 கிராம் பி.வி.பி., பி.எச். 8இல் உள்ள 1 மோலர் திரிஸ் 10 மில்லிலீற்றர், 0.5 மோலர் ஈ.டி.ரி.ஏ. 4 மில்லிலீற்றர், உப்பு 8.18 கிராம். இந்த உப்பளவு 1.4 மோலர். உப்புச் செறிவு உயர்வாக இருக்கும்போது டி.என்.ஏ. கரைசலிலேயே நிற்கும், சி.ரி.ஏ.பி. புரதத்தையும் பல்சக்கரைட்டையும் பிடித்துக்கொள்ளும். உப்பு 0.7 மோலருக்குக் கீழே போனால் சி.ரி.ஏ.பி. டி.என்.ஏ.யையும் சேர்த்து இழுத்துக்கொண்டு வீழ்ந்துவிடும். கண்டல் இலைக்கு உப்பை 2 மோலர் வரை, அதாவது 11.7 கிராம் வரை கூட்டுவது நல்லது. பி.வி.பி. தனினைப் பிடிக்கும். பீற்றா-மேர்கப்ரோஎதனோல் இலை கறுப்பதைத் தடுக்கும். பாவிக்கும் அன்றைக்கு மட்டும், ஒரு மில்லிலீற்றருக்கு 2 மைக்ரோலீற்றர், புகைக்கூண்டுக்குள் வைத்துச் சேர்க்க வேண்டும். ஈ.டி.ரி.ஏ.யைப் பற்றி ஒரு வார்த்தை: 100 மில்லிலீற்றருக்கு 18.6 கிராம் போட்டுவிட்டு இரண்டு மணிநேரம் கலக்கினேன், கரையவே இல்லை. மருந்து பழுது என்று நினைத்தேன். சோடியமைதரொட்சைட்டு சேர்த்து பி.எச். 8ஐ நெருங்கும்போதுதான் அது கரையும். அதை யாரும் போத்தலில் எழுதி வைப்பதில்லை.

காய்ந்த இலை 20 மில்லிகிராம் போதும். கூடப் போட்டால் கூட டி.என்.ஏ. வரும் என்று 100 மில்லிகிராம் போட்டேன். வந்தது கூழ். ஐசோப்புரொப்பனோல் விட்டதும் வெள்ளையாகத் திரண்டதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டேன். அந்த வெள்ளை பல்சக்கரைட்டு. பிப்பெற் முனையால் தொட்டால் வெண்டிக்காய்ச் சாறு போல இழுபட்டது. டி.என்.ஏ. திரள் மெல்லிய நூல் போல இருக்கும், ரியூப்பின் அடியில் கண்ணுக்குத் தெரியாமலும் போகும். இந்தக் கூழைத் தவிர்க்க எனக்குக் கடைசியில் உதவியது சோர்பிற்றோல் கழுவல். 100 மில்லிலீற்றருக்குச் சோர்பிற்றோல் 6.4 கிராம், பி.வி.பி. 1 கிராம், 1 மோலர் திரிஸ் 10 மில்லிலீற்றர், 0.5 மோலர் ஈ.டி.ரி.ஏ. 1 மில்லிலீற்றர். அரைத்த இலைத்தூளில் இதை ஒரு மில்லிலீற்றர் விட்டுக் குலுக்கி, மையநீக்கியில் 5,000 ஜி (புவியீர்ப்பைப் போல 5,000 மடங்கு) விசையில் ஐந்து நிமிடம் சுற்றி, மேலே உள்ள வழுவழுப்பான நீரைக் கொட்டிவிட வேண்டும். டி.என்.ஏ. கருவுக்குள்ளும் பச்சையவுருமணிக்குள்ளும் அடியிலேயே இருக்கும், கவலைப்பட வேண்டாம். மேல்நீர் தண்ணீர் போலத் தெளியும்வரை இரண்டு, மூன்று தரம் கழுவுங்கள். பிறகு 60 பாகையில் சூடாக்கிய சி.ரி.ஏ.பி. கரைசல் 700 மைக்ரோலீற்றர், 45 நிமிடம், இடையிடையே கவிழ்த்துக் கவிழ்த்து. குளோரோபோம், ஐசோஅமைல் அற்ககோல் 24க்கு 1 கலவை அதே அளவு. பத்து நிமிடம் சுற்றியபின் மேற்படையை எடுக்கும்போது நடுவிலுள்ள வெள்ளைத் தோலைத் தொடாதீர்கள். கடைசி 100 மைக்ரோலீற்றரை விட்டுவிடுவதில் நட்டமில்லை. மேற்படை 500 என்றால் ஐசோப்புரொப்பனோல் 330. பிறகு 70 வீத எதனோலில் இரண்டு கழுவல். திரளை எலும்பு போலக் காயவிட்டால் திரும்பக் கரையாது, பத்து நிமிடம் போதும். இன்னொன்று, செய்முறைத் தாளில் 12,000 ஆர்.பி.எம். (நிமிடத்துக்கு இத்தனை சுற்று) என்று இருந்தால் அப்படியே நம்ப வேண்டாம். சுழலியின் ஆரை 8.4 சென்ரிமீற்றர் என்றால் அது ஏறத்தாழ 13,500 ஜி. ஆரை 5 என்றால் 8,000தான். எங்களிடம் இருந்தது சின்ன மையநீக்கி. பல வாரமாக என் திரள் முழுதாக அடியில் இறங்கவே இல்லை.

அடுத்தது அளவு பார்க்கும் கருவி. நனோட்ரொப்பில் ஒரு சொட்டு வைத்தால் எண் வரும். எனக்கு மைக்ரோலீற்றருக்கு 900 நனோகிராம் என்று வந்தது, 260/280 விகிதம் (260, 280 நனோமீற்றர் ஒளியை உறிஞ்சும் அளவுகளின் விகிதம்) 1.8. பாடத்தில் படித்த அதே 1.8. வேலை முடிந்தது என்று நினைத்தேன். பக்கத்தில் 260/230 விகிதம் 0.4 என்று இருந்ததை வாசித்தும் பொருட்படுத்தவில்லை. அது 2ஐ ஒட்டி இருக்க வேண்டும். 0.4 என்றால் பீனோல் சேர்வைகளும் பல்சக்கரைட்டும் மிச்ச உப்பும் கிடக்கின்றன. அந்தக் கருவி ஒளியை உறிஞ்சும் எல்லாவற்றையும் டி.என்.ஏ. என்று எண்ணிவிடும், ஆர்.என்.ஏ.யையும் சேர்த்துத்தான். அதே மாதிரியை, டி.என்.ஏ. துண்டுகளை நீளப்படி பிரித்துப் பட்டையாகக் காட்டும் ஒரு வீத ஜெல்லில் ஓட்டிப் பார்த்தபோது மேலே மெல்லிய பட்டை, கீழே ஆர்.என்.ஏ.யின் புகை. உண்மையில் இருந்தது 40 நனோகிராம் அளவில்தான். எண்ணையும் ஜெல்லையும் சேர்த்துப் பார்க்காமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள். தனின் மிச்சமுள்ள டி.என்.ஏ.யை அப்படியே பி.சி.ஆரில் போட்டால் நொதியம் முடங்கிவிடும். கூடப் போடுவது அதற்கு மருந்தல்ல, ஐதாக்குவதுதான் மருந்து. 10 மடங்கு, 50 மடங்கு, 100 மடங்கு ஐதாக்கி மூன்று ரியூப் போட்டுப் பாருங்கள். எனக்குப் பட்டை தந்தது 50 மடங்கு ஐதாக்கியது.

பிறைமர் கதை எனக்கு இன்னும் வலிக்கிறது. தாவரங்களை டி.என்.ஏ.யால் இனங்காண ஆர்.பி.சி.எல்., மாட்-கே என்ற இரண்டு பச்சையவுருமணி ஜீன்களையும் சேர்த்துப் பார்ப்பது 2009 இல் பரிந்துரைக்கப்பட்ட வழக்கம். ஆர்.பி.சி.எல். பிறைமர் ஏறக்குறைய எல்லாத் தாவரத்திலும் வேலை செய்யும், ஆனால் நெருங்கிய இனங்களைப் பிரித்துக் காட்டாது. மாட்-கே பிரித்துக் காட்டும், ஆனால் பொதுப் பிறைமர் எல்லாக் குடும்பத்திலும் ஒட்டாது. அதனால் மாட்-கேக்கு நானே பிறைமர் வடிவமைத்தேன். முன் பிறைமர் சரி. பின் பிறைமருக்கு எதிர் இழையை எழுதினேன், ஆனால் அதைத் திருப்பி எழுத மறந்தேன். உதாரணத்துக்கு, ஜீனில் ஏரிஜிசிசிஏ (ATGCCA) என்று இருந்தால் அதன் சோடி ரிஏசிஜிஜிரி (TACGGT). அதை அப்படியே கடைக்காரருக்கு அனுப்பக்கூடாது. வலமிருந்து இடமாகத் திருப்பி ரிஜிஜிசிஏரி (TGGCAT) என்று எழுதி அனுப்ப வேண்டும், ஏனென்றால் பிறைமர் தயாரிப்பவர்கள் எப்போதும் 5' முனையிலிருந்து 3' முனைக்குத்தான் வாசிப்பார்கள். நான் அனுப்பியது உலகத்தில் எந்த டி.என்.ஏ.யிலும் ஒட்டவேண்டிய இடத்தில் ஒட்டாத ஒரு சோடி. என்.சி.பி.ஐ.யின் பிறைமர்-பிளாஸ்டில் இரண்டையும் போட்டிருந்தால் ஐந்து நிமிடத்தில், இலவசமாக, "எதுவும் கிடைக்கவில்லை" என்று சொல்லியிருக்கும். மாசியில் 6,800 ரூபாய்க்கு வாங்கினேன். பிழையைக் கண்டுபிடித்துத் திரும்ப வாங்கப்போன ஆனி மாதத்தில் டொலர் 200 ரூபாயிலிருந்து 360க்குப் போயிருந்தது, அதே சோடி 11,900 ரூபாய்.

பிறைமர் கைக்கு வந்ததும் மூடியைத் திறக்காதீர்கள். காய்ந்த தூள் மூடியில் ஒட்டியிருக்கும், திறந்ததும் பறந்துவிடும். முதலில் ஒரு நிமிடம் மையநீக்கியில் சுற்றுங்கள். ரியூப்பில் 23.6 நனோமோல் என்று இருந்தால் பத்தால் பெருக்கி 236 மைக்ரோலீற்றர் விடுங்கள். அது 100 மைக்ரோமோலர் மூலக்கரைசல். அதில் 10க்கு 90 நீர் விட்டால் 10 மைக்ரோமோலர். வேலைக்கு எடுப்பது இதைத்தான். 25 மைக்ரோலீற்றர் பி.சி.ஆருக்கு இரட்டைச் செறிவுக் கலவை 12.5, முன் பிறைமர் 0.5, பின் பிறைமர் 0.5, டி.என்.ஏ. 1, நீர் 10.5. மூலக்கரைசலை மாறிப் போட்டால் பிறைமர் பத்து மடங்காகி, ஒன்றோடொன்று ஒட்டி, ஜெல்லின் அடியில் 100 காரம் (டி.என்.ஏ. எழுத்து) நீளத்துக்குக் கீழே ஒரு தடித்த பட்டையைத் தரும். அதைப் பார்த்து ஏதோ வந்திருக்கிறது என்று ஏமாறாதீர்கள். 0.5 மைக்ரோலீற்றரைத் தனித்தனியாக எடுக்க எந்தக் கையாலும் முடியாது. பத்து ரியூப் என்றால் பதினொன்றுக்குக் கணக்குப் போட்டு ஒன்றாகக் கலந்து, 24 மைக்ரோலீற்றர் வீதம் பிரித்து, கடைசியில் டி.என்.ஏ.யை மட்டும் தனியாகப் போடுங்கள். வெப்பநிலை 95இல் 3 நிமிடம், பிறகு 35 சுற்று: 95இல் 30 செக்கன், 55இல் 30 செக்கன், 72இல் ஒரு நிமிடம். கடைசியாக 72இல் 5 நிமிடம்.

72 பாகையில் கூசாமல் டி.என்.ஏ.யைப் பிரதி எடுக்கும் அந்த நொதியம், அமெரிக்காவின் யெலோஸ்ரோன் வெந்நீரூற்றில் கண்ட ஒரு பற்றீரியாவிலிருந்து வந்தது. தோமஸ் புரொக்கும் ஹட்சன் ஃபிரீசும் அதை 1969 இல் விவரித்தார்கள். எங்கள் கன்னியா வெந்நீரூற்றில் ஏழு கிணற்றிலும் ஆட்கள் அள்ளிக் குளிக்கிறார்கள், அந்தச் சூடு இதற்குக் கிட்டவும் வராது. ஆனாலும் ஒவ்வொரு தரமும் கன்னியாவைக் கடந்து போகும்போது இந்த நொதியம்தான் எனக்கு ஞாபகம் வரும்.

அந்த வருடம் மின்வெட்டு. மார்ச் கடைசியில் நாளுக்கு 10 மணிநேரம், 13 மணிநேரம் என்று வெட்டினார்கள். பி.சி.ஆர். முடிய ஏறக்குறைய இரண்டு மணிநேரம் வேண்டும். நடுவில் மின்சாரம் போனால், திரும்ப வந்ததும் சில இயந்திரங்கள் விட்ட இடத்திலிருந்து தொடரும். தொடர்ந்தாலும் பிரயோசனமில்லை, அறை வெப்பத்தில் நின்ற நேரத்தில் பிறைமர்கள் கண்ட கண்ட இடத்தில் ஒட்டியிருக்கும். கணினிக்குப் பாவிக்கிற சின்ன யூ.பி.எஸ். இதைத் தாங்காது, சூடேறும்போது இயந்திரம் 600 வாட்டுக்கு மேல் இழுக்கும். அட்டவணையைப் பார்த்து மூன்று மணிநேரம் தொடர்ச்சியாக மின்சாரம் இருக்கும் நேரத்தில் மட்டும் ஓட்டுங்கள். குளிர்ப்பெட்டிதான் இதைவிடப் பெரிய இழப்பைத் தந்தது. வீட்டுக்கு வாங்குகிற உறைபனி படியாத வகைக் குளிர்ப்பெட்டி, பனியைக் கரைப்பதற்காகத் தானாகவே அவ்வப்போது உள்ளே சூடாக்கும். அதற்குள் என் கலவை மின்வெட்டில் ஒரு தரமும், இந்தச் சூட்டில் ஒரு தரமுமாக உருகி உறைந்து, உருகி உறைந்து, சித்திரை முடிவதற்குள் வேலை செய்வதை நிறுத்திவிட்டது. இப்போது கலவை வந்த அன்றே 100 மைக்ரோலீற்றர் வீதம் பிரித்துவிடுவேன். ஒரு ரெஜிபோம் பெட்டிக்குள் வைத்து, சுற்றிவர உப்புத் தண்ணீர்ப் போத்தல்களை உறையவிடுவேன். லீற்றருக்கு 100 கிராம் உப்பு. வெறும் ஐஸ் பூச்சியத்தில் உருகும், இது பூச்சியத்துக்குக் கீழேயே உருகுவதால் பெட்டி கூட நேரம் தாக்குப்பிடிக்கும். ஆய்வுகூடத்தில் ஐஸ் இல்லாத நாளில் மீன்காரருக்கு விற்கும் ஐஸ் கட்டியை வாங்கி உடைத்தும் பாவித்திருக்கிறோம். அதில் ரியூப்பை நேரே புதைக்காதீர்கள், உருகிய நீர் மூடிக்குள் இறங்கினால் மீனின் டி.என்.ஏ.யும் சேர்ந்துதான் இறங்கும். மூடிய பொலித்தீன் பையில் தட்டோடு வையுங்கள்.

பங்குனியிலிருந்து வைகாசி வரை எந்த ஜெல்லிலும் பட்டையில்லை. இலை பிழையா, பிரித்தெடுத்தது பிழையா, பிறைமரா, கலவையா, மின்சாரமா என்று எனக்குத் தெரியவில்லை. ஒவ்வொரு தரமும் ஒன்றை மாற்றிப் பார்த்தேன். உண்மையில் ஐந்தும் ஒரே நேரத்தில் பிழைத்திருந்தன. ஒன்றைத் திருத்தும்போது மற்ற நான்கும் அதை மறைத்தன. அந்த மூன்று மாதத்தையும் நான்கு ரியூப் மிச்சப்படுத்தியிருக்கும். முதலாவதில், வேலை செய்யும் என்று தெரிந்த டி.என்.ஏ., வேலை செய்யும் என்று தெரிந்த பிறைமர். இதில் பட்டை இல்லாவிட்டால் கலவையோ இயந்திரமோ பிழை. இரண்டாவதில், தெரிந்த பிறைமரோடு உங்கள் டி.என்.ஏ. இதில் இல்லாவிட்டால் உங்கள் டி.என்.ஏ. பிழை. மூன்றாவதில், தெரிந்த டி.என்.ஏ.யோடு உங்கள் பிறைமர். நான்காவதில், தெரிந்த டி.என்.ஏ., தெரிந்த பிறைமர், அதற்குள் உங்கள் டி.என்.ஏ. ஒரு மைக்ரோலீற்றர். முதலாவதில் வந்த பட்டை இதில் காணாமல் போனால் உங்கள் டி.என்.ஏ.க்குள் நொதியத்தை முடக்கும் பொருள் இருக்கிறது. இவ்வளவுதான். ஒரு பின்னேரத்து வேலை.

ஆனியில் சொந்தப் பிறைமரைக் கைவிட்டு, குளிர்ப்பெட்டியில் மிச்சமிருந்த ஆர்.பி.சி.எல். பிறைமரையும் அதோடிருந்த நீரையும் எடுத்துப் போட்டேன். எட்டிலும் பளிச்சென்று பட்டை, 600 காரத்துக்குக் கிட்ட. மூன்று மாதம் இருட்டு ஜெல்லைப் பார்த்த கண்ணுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. எட்டையும் கொழும்புக்கு அனுப்பினேன். ஜெல்லில் பத்துக் குழிதான். ஒன்று அளவுகோலுக்கு, எட்டு மாதிரிக்கு, மிச்சம் ஒன்றில் மாதிரி ஒன்றை இரண்டாந்தரம் போட்டேன். டி.என்.ஏ. போடாத வெறும் நீர் ரியூப்பை ஓட்டவில்லை. நெல் என்று முடிவு வந்த மறுநாள் எங்கள் ஆய்வுகூடத் தொழில்நுட்ப உத்தியோகத்தரான ரி.ஓ. அண்ணாவிடம் போய் நின்றேன். அவர் ஜெல் படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "தங்கச்சி, நெகற்றிவ் எங்கே?" என்றார். "ஓட்டவில்லை அண்ணா, குழி காணாது." "நீர் ரியூப் இன்னும் இருக்கா?" இருந்தது. அப்போதே ஓட்டினோம். வெறும் நீரிலும் அதே இடத்தில் அதே பட்டை. "போன வருசப் பிள்ளைகள் இதே பிறைமரால நெல்லு செய்தவை" என்றார்.

ஒரு மூலக்கூறு 35 சுற்றில் இரட்டித்து இரட்டித்துக் கணக்குப்படி 3,436 கோடியாகும். முடிந்த பி.சி.ஆர். ரியூப்பைத் திறக்கும்போது காற்றில் எழும் கண்ணுக்குத் தெரியாத துளிக்குள்ளும் பல இலட்சம் பிரதிகள் இருக்கும். அது பிப்பெற் தண்டுக்குள் போகும், நீர்ப் போத்தலுக்குள் போகும், அடுத்த வருடம் வரை இருக்கும். என் கண்டல் டி.என்.ஏ. முடங்கிக் கிடந்த ரியூப்பில் சுத்தமான நெல் துண்டு ஒன்று விழுந்தால் எது பெருகும் என்று யோசித்துப் பாருங்கள். மேசையை ஸ்பிரிற்றால் துடைத்தால் போதும் என்று நினைத்திருந்தேன். ஸ்பிரிற் கிருமியைக் கொல்லும், டி.என்.ஏ.யை அழிக்காது. வீட்டுக்குப் பாவிக்கும் குளோரின் வெளிற்றியை அன்றன்றைக்குப் பத்து மடங்கு ஐதாக்கி, பத்து நிமிடம் ஊறவிட்டு, பிறகு நீரால் துடைக்க வேண்டும், இல்லாவிட்டால் உலோகம் அரிக்கும். பி.சி.ஆர். கலக்கும் இடமும் ஜெல் ஓட்டும் இடமும் வேறு அறை, வேறு பிப்பெற், வேறு மேலங்கி. அறை ஒன்றுதான் என்றால் இரண்டு மூலை. காலையில் கலப்பது, பின்னேரம் ஜெல், ஜெல் முடிந்தபின் அன்றைக்குத் திரும்பக் கலப்பதில்லை. நீரையும் பிறைமரையும் சின்ன ரியூப்களில் பிரித்து, சந்தேகம் வந்தால் ரியூப்போடு எறிந்துவிடுங்கள். அது பெரிய செலவில்லை. பட்டை இல்லாதபோது பொசிற்றிவ் (வேலை செய்யும் என்று தெரிந்த ரியூப்) இல்லாமல் ஒன்றும் சொல்ல முடியாது, பட்டை இருக்கும்போது நெகற்றிவ் (டி.என்.ஏ. போடாத ரியூப்) இல்லாமல் ஒன்றும் சொல்ல முடியாது. குழி பத்துத்தான் என்றால் அளவுகோல், பொசிற்றிவ், நெகற்றிவ் போக மாதிரி ஏழு, அவ்வளவுதான்.

புரட்டாதியில் இளம் இலை, சோர்பிற்றோல் கழுவல், 50 மடங்கு ஐதாக்கல், புது நீர், திருத்திய பிறைமர் என்று எல்லாவற்றையும் மாற்றிச் செய்தபோது பன்னிரண்டு நாளில் முடிந்தது. நெகற்றிவ் குழி இருட்டாக இருந்தது. அந்த இருட்டு எனக்குப் பட்டையைவிட அழகாகத் தெரிந்தது.

அடுத்த பருவத்தில் ஜீனோமிக்ஸ் பாடம். இங்கே நட்டம் காசில்லை, நேரமும் டேற்றாவும். மடிக்கணினியில் 4 ஜி.பி. நினைவகம், மனித ஜீனோம் 300 கோடி காரங்களுக்கு மேல். அதைத் தரவிறக்கி, இரண்டு நாள் டேற்றாவை முடித்து, கணினி உறைந்து நின்றது. பழகுவதற்கு ஈ.கோலை போதும். கே-12 வகையின் ஜீனோம் 46.4 இலட்சம் காரங்கள், எந்தக் கணினியிலும் ஓடும். 150 காரம் நீளமுள்ள 10 இலட்சம் வாசிப்புகள் என்றால் 15 கோடி, 46.4 இலட்சத்தால் வகுத்தால் ஒவ்வொரு இடமும் சராசரியாக 32 தரம் வாசிக்கப்பட்டிருக்கிறது. இந்த வகுத்தலை முதலில் செய்யாமல் எந்தத் தரவையும் இறக்காதீர்கள். பெரிய வேலைகளுக்குக் கலக்சி என்ற இலவச வழங்கி இருக்கிறது. கோப்பை அந்த வழங்கியே நேராக இறக்கி எடுக்கும், உங்கள் டேற்றா கரையாது. வாசிப்புகள் வரும் ஃபாஸ்ற்-கியூ கோப்பில் ஒரு வாசிப்புக்கு நான்கு வரி. நான்காவது வரியிலுள்ள குறியெழுத்துகள்தான் தரம். ஆங்கிலப் பெரிய எழுத்து ஐக்கு (I) கணினியில் எண் 73, அதில் 33ஐக் கழித்தால் 40, அதாவது பிழை பத்தாயிரத்தில் ஒன்று. 30 என்றால் ஆயிரத்தில் ஒன்று, 20 என்றால் நூறில் ஒன்று. ஜீன் பெயர்ப் பட்டியலை எக்செலில் திறந்து சேமிக்காதீர்கள். மார்ச்1 என்ற ஜீனை அது மார்ச் முதலாந்திகதி ஆக்கிவிடும். இந்தத் தொல்லையால் 2020 இல் அந்த ஜீன்களின் பெயரையே மாற்றினார்கள். ஜீன்களின் இடத்தைக் குறிக்கும் கோப்புகளில், பெட் கோப்பு பூச்சியத்திலிருந்து எண்ணும், ஜி.எஃப்.எஃப். கோப்பு ஒன்றிலிருந்து எண்ணும். முதல் நூறு காரம் ஒன்றில் 0-100, மற்றதில் 1-100. இரண்டையும் கலந்ததால் என் ஜீன்கள் எல்லாம் ஒரு எழுத்துத் தள்ளி வெட்டுப்பட்டு, அமினோ அமிலங்கள் முழுக்கக் குழம்பின. அதைக் கண்டுபிடிக்க ஒன்பது நாள்.

வரிசை வாசித்துத் தருபவர்கள் எழுத்துக் கோப்பு, வண்ண முகடுகளுள்ள மூலக் கோப்பு என்று இரண்டைத் தருவார்கள். இரண்டாவதைக் கட்டாயம் கேட்டு வாங்குங்கள். முதல் 30, 40 எழுத்தும் 700க்கு அப்பாலும் முகடுகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் கிடக்கும், அவற்றை வெட்டிவிட்டுத்தான் பிளாஸ்டில் போட வேண்டும். ஒற்றுமை 100 வீதம் என்று முதலாவதாக வந்த பெயரை எழுதிவிடாதீர்கள். கீழே பாருங்கள், இன்னும் ஐந்து இனங்கள் அதே 100 வீதத்தோடு நிற்கக்கூடும். அப்படியென்றால் பேரினத்தின் பெயரோடு நிறுத்த வேண்டும். என் வாய்மொழித் தேர்வில் பரீட்சகர் ஒரு வரிசையின் 412ஆவது இடத்தைக் காட்டி, "இங்கே ஏன் 'என்' (N) என்ற எழுத்தைப் போட்டிருக்கிறீர்கள்?" என்று கேட்டார். மூலக் கோப்பைத் திறந்து காட்டினேன். அந்த இடத்தில் பச்சை முகடும் சிவப்பு முகடும் ஒரே உயரத்தில் நின்றன. ஏயா (A) ரியா (T) என்று என்னால் சொல்ல முடியாது சேர், அதனால் 'என்' போட்டேன் என்றேன். அவர் திரையைக் கிட்டப் போய்ப் பார்த்துவிட்டு, அடுத்த பக்கத்தைப் புரட்டினார்.